பழுதென்று சொல்லப்பட்ட ஃப்ளொப்பிகள்

அன்பு மகனுக்கு,

நாலு மாதங்களுக்கு முன் நீ மெல்பேணிலிருந்து போன் எடுத்தபோது நான் பாதிப் பேச்சில் வைத்துவிட்டேன். கரண்ட் போய்விட்டது என்று பிறகு அப்பாவைக் கொண்டு உனக்குச் சொல்ல வைத்தேன். கரண்ட் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு நீ எடுத்த நேரமெல்லாம் சாப்பாட்டையும் குளிரையும் விசாரித்துவிட்டு வைத்தேனே தவிர, மனதில் இருந்ததைப் பேசவில்லை. போனில் உன்னோடு சண்டை பிடிக்க முடியாது. நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை நீயே முடித்துவிட்டு, "ஓம் அம்மா, விளங்குது அம்மா" என்பாய். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. ஆகவே ஆறுதலாக இருந்து வாசி.

நீ அன்று சொன்னது இது: "அம்மா, அந்தப் பெட்டியைத் தூக்கி எறியுங்கோ. கடைக்காரனே பாத்திட்டு ஒண்டும் இல்லை எண்டு சொல்லிட்டான். தையில என்ர கலியாணத்துக்கு ஆக்கள் வந்து தங்க அந்த அறை வேணும். குப்பையை வச்சுக்கொண்டு ஏன் மினக்கெடுறீங்கள்?" குப்பை என்றாய். மகன், அந்தக் குப்பைக்குள் ஒரு பெண்ணின் தகப்பன் இருந்தார். அதை நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். உன் அம்மா அழுவதைக் கேட்டால் நீ உடனே "சரி சரி, வச்சிருங்கோ" என்பாய். எனக்கு அந்தச் "சரி சரி" வேண்டியிருக்கவில்லை.

அனித்தாவைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவள் நறுவிலிக்குளத்துப் பெண். பிறந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். தகப்பன் சூசைப்பிள்ளையும் தாய் லூர்தம்மாவும் கலியாணம் கட்டிய கையோடு சண்டைக்குப் பயந்து படகேறிப் போனவர்கள். கைக்குழந்தையோடு திரும்பி வந்தார்கள். பிறகு வந்த சண்டையில் வன்னியில் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். இருந்த கடதாசிகளும் அவர்களோடு போயின. பெரியம்மாதான் பிள்ளையை வளர்த்தெடுத்தாள். இப்போது அனித்தா தன் பிறப்பைப் பதியவும் தகப்பனின் வயல் காணிக்கு உரிமை கோரவும் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு ஏறி இறங்குகிறாள். எந்தக் கந்தோர் என்று எழுதமாட்டேன். அங்கே இருந்த பழைய குடும்பப் பதிவு, அவர்கள் இந்தியாவுக்குப் போக முன்னர் எடுத்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் இல்லை என்று அதில் இருக்கிறது. பிள்ளை பிறக்க முன் எடுத்த பதிவில் பிள்ளை எப்படி இருக்கும்? ஆனால் அங்கே இருந்த உத்தியோகத்தர், "சூசைப்பிள்ளைக்குப் பிள்ளை இல்லை எண்டுதான் எங்கட பதிவில கிடக்கு" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். முப்பது வயது தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தியைக் கதிரையில் இருத்தி வைத்து, நீ உன் தகப்பனுக்குப் பிறக்கவில்லை என்று ஒரு தாளைக் காட்டிச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

திரும்பி வந்த குடும்பங்களின் பெயரைத் தலைமன்னாரில் ஒரு கந்தோரில் யாரோ ஒரு பிள்ளை கம்பியூட்டரில் அடித்தது பெரியம்மாவுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அனித்தா அங்கே இங்கே விசாரித்து நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். "அன்ரி, அது நீங்கள்தானாமே? அப்ப என்ர பேரையும் அடிச்சிருப்பீங்கள்தானே?" என்று கேட்டாள். அடித்திருப்பேன் என்றேன். அந்தப் பட்டியலின் கடதாசிப் பிரதிகள் சண்டையில் எரிந்துவிட்டன. மிச்சம் இருந்தது நம் அறையில் கிடந்த பெட்டிதான். அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு மேற்பட்ட, வளையக்கூடிய, கறுப்பு உறை போட்ட பழைய ஃப்ளொப்பித் தட்டுகள் பன்னிரண்டு; நான் அடித்த பெயர்கள் எல்லாம் அவற்றில்தான். உன் சிநேகிதன் மூலம் இரண்டைக் கொழும்புக் கடைக்கு அனுப்பினோமே, அந்த மனிதர் என்ன செய்தார்? தன்னுடைய மெஷினில் போட்டார், திறக்கவில்லை, "காந்தம் செத்துப்போச்சு, ஒன்றுமில்லை" என்று துண்டெழுதித் திருப்பி அனுப்பினார். எத்தனை தரம் போட்டுப் பார்த்தார், வேறு ஏதாவது முயன்றாரா, ஒரு சொல் இல்லை. தன் மெஷினால் வாசிக்க முடியாதது உலகத்திலேயே இல்லை என்று அவருக்கு நினைப்பு. உனக்கும் அதுவே போதுமாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. ஏனென்றால் அந்தத் தட்டுகளைப் பழுது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை அல்ல. இதைத்தான் உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தத் தலைமன்னார்க் கந்தோரில் ஒரே ஒரு கம்பியூட்டர். வெளிநாட்டார் யாரோ பாவித்து முடித்துக் கொடுத்தது. அதில் ஒரேயொரு ஃப்ளொப்பி டிரைவ். வந்து சில மாதங்களில் டிரைவ் மக்கர் பண்ணத் தொடங்கியது. தட்டைச் சுழற்றும் வேகம் ஒரு சீராக இல்லை. எழுதியதை அதுவே சில நேரம் வாசிக்க மறுத்தது. வவுனியாவிலிருந்து திருத்துகிறவரைக் கூப்பிட்டால் பாதை மூடியிருந்தது. நான் கைநூலை எடுத்து வாசித்து, திருகாணிகளைக் கழற்றி, நானே திறந்தேன். பொறுப்பாளர், "பொம்பிளைப் பிள்ளை, கைவச்சுக் கெடுத்துப் போடாத" என்றார். கெடுக்கவில்லை. தட்டைச் சுழற்றும் சில்லின் அடியில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் வட்டமாக அடித்திருக்கும். ரியூப் லைற் நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு மினுங்குகிறது. சில்லு சரியான வேகத்தில் சுழன்றால், அந்த மினுக்கத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். வேகம் பிழைத்தால் முன்னுக்கோ பின்னுக்கோ ஊரும். பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னத் திருகாணியைத் திருகித் திருகிக் கோடுகளை நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். அதற்குப் பிறகு டிரைவ் ஒரு தரமும் என்னை ஏமாற்றவில்லை. அந்தப் பெருமையை நான் எத்தனை வருடம் சுமந்தேன் என்பதற்கு நீயே சாட்சி. நீ கம்பியூட்டர் படிக்கப் போன அன்று, "என்ர மகனுக்கு என்ர கை" என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்.

என்னோடு மெற்றில்டா என்று ஒரு பிள்ளை வேலை செய்தாள். பத்தொன்பது வயது. தலைமன்னார்க்காரி. நான் பெயர்களை அடிப்பேன், அவள் அதைத் தட்டுகளில் பிரதி எடுத்து, பொதி செய்து, கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் போகும் பொதியில் சேர்ப்பாள். ஒருநாள் கொழும்பிலிருந்து பன்னிரண்டு தட்டும் திரும்பி வந்தன, ஒரு கடிதத்தோடு. எல்லாம் வாசிக்க முடியாதவை, பழுதானவை, பயிற்சியில்லாத ஊழியர்களின் கவனக்குறைவு, பொறுப்பானவர் யார் என்று அறிவிக்கவும். பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "பிரதி எடுக்கிறதும் கட்டுறதும் ஆர்?" என்றார். "மெற்றில்டா" என்றேன். "அப்ப அதை எழுதித் தாரும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கிழமையே அவளை நிறுத்திவிட்டார்கள்.

திரும்பி வந்த தட்டில் ஒன்றையாவது எங்கள் மெஷினில் போட்டுப் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. பொறுப்பாளருக்குத் தோன்றவில்லை. கொழும்பாருக்கு அது தேவைப்படவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். டிரைவைத் திறந்து திருத்தத் தெரிந்த எனக்கு ஒரு தட்டைப் போட்டுப் பார்க்கத் தெரியாதா? தெரியும். திறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமோ, பழி என்மேல் விழவில்லை என்ற நிம்மதியோ, ஏதோ ஒன்று என் கையைப் பிடித்தது. தட்டுகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். கந்தோரை மூடியபோது மெஷினையும் பெட்டியையும் யாரும் கேட்கவில்லை. உன் அப்பா மாட்டுவண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்து அறையில் வைத்தார்.

கொழும்புக் கடைக்காரரின் துண்டைக் கண்டபோது எனக்கு அந்தப் பழைய கடிதம்தான் கண்ணுக்குள் வந்தது. நீ போனில் "குப்பை" என்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி உன்மேல். மற்றப் பாதி யார்மேல் என்று அப்போது தெரியவில்லை.

மறுநாளே மெஷினைத் திறந்தேன். உப்புக் காற்றில் உள்ளே எல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தது. டிரைவ் மட்டும் தப்பியிருந்தது. அதைக் கழற்றித் துணியில் சுற்றி, தட்டுப் பெட்டியோடு அனித்தாவையும் கூட்டிக்கொண்டு, மன்னார்ப் பட்டினத்தில் ரேடியோ, ரீவி திருத்துகிற நியாஸிடம் போனேன். நியாஸ் சிரிக்கவில்லை. "அக்கா, இதுக்கு இந்தக் கடையில ஒரு பழைய கம்பியூட்டர் கிடக்கு, வயர் பிடிக்கும்" என்றார். டிரைவின் மோட்டருக்கும் சில்லுக்கும் நடுவே இருந்த ரப்பர் பெல்ற் இளகி விரலில் மையாக ஒட்டியது. பழைய கசெற் ரேப் றெக்கோடர் ஒன்றிலிருந்து எடுத்த பெல்ற்றைப் போட்டார். அச்சில் இறுகிக் கிடந்த பழைய கிரீஸைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். சில்லு சுழன்றது. ஆனால் கடையில் இருந்த எல்ஈடி வெளிச்சம் ரியூப் லைற் மாதிரி மினுங்காது, அதில் கோடுகள் ஒன்றும் தெரியவில்லை. நியாஸ் பின்னறையில் கிடந்த பழைய ரியூப் லைற்றை எடுத்து வந்து மாட்டினார். நான் திருகாணியைத் திருகினேன். கோடுகள் ஊர்ந்து, தயங்கி, நின்றன. எனக்கு மீண்டும் இருபத்திரண்டு வயதானதுபோல இருந்தது. தட்டைப் போட்டோம். பிழை என்றது. அடுத்ததைப் போட்டோம். பிழை. பன்னிரண்டையும் போட்டோம். பன்னிரண்டும் பிழை.

அனித்தா பக்கத்தில் நின்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் இப்படி எத்தனை கந்தோர் வாசலில் கைப்பையை மாட்டியிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் நியாஸிடம் கத்தினேன், பாவம் அந்த மனிதர். "கோடு நிக்குதுதானே! அண்டைக்கும் இப்படித்தான் நிப்பாட்டினனான், என்ர கண்ணால பாத்து நிப்பாட்டினனான்!"

நியாஸ் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அண்டைக்கு லைற் எதில எரிஞ்சது அக்கா?"

"எதில எரியிறது? அப்ப எங்க கரண்ட்? ஜெனரேற்றர்."

"எண்ணெய் கிடைச்சதோ ஒழுங்கா?"

"எங்க கிடைச்சது? குறைச்சு வச்சுத்தான் ஓட்டுவினம். குமிழே மங்கித்தான் எரியும்."

அவர் கையில் இருந்த திருகாணிச் சாவியை மேசையில் வைத்தார். "அப்ப ஜெனரேற்றர் மெதுவா ஓடியிருக்கு. லைற்றும் மெதுவாத்தான் மினுங்கியிருக்கும். நீங்கள் அந்த மெதுவுக்குச் சரியாத் தட்டை நிப்பாட்டியிருக்கிறீங்கள். உங்கட மெஷின் எழுதினதை உங்கட மெஷின் வாசிக்கும். கொழும்பில இருந்த மெஷின் எப்படி வாசிக்கும்?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். கோடுகள் நின்றது உண்மை. என் கண்ணில் பிழை இல்லை. வெளிச்சத்தில் பிழை. பன்னிரண்டு தட்டும் பழுதே இல்லை, நான் பிழையான வேகத்தில் எழுதியவை. மெற்றில்டா எதையும் கெடுக்கவில்லை. முழுவதும் என் கைவேலை, நான் ஊருக்கெல்லாம் பீற்றிய அதே கைவேலை.

நியாஸ் திருகாணியைக் கொஞ்சம் திருகினார். நின்ற கோடுகள் பின்னுக்கு ஊரத் தொடங்கின. தட்டைப் போட்டோம், பிழை. இன்னும் கொஞ்சம். பிழை. எட்டாந்தரமோ ஒன்பதாந்தரமோ, கோடுகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, டிரைவ் முன்பு செய்யாத ஒரு சத்தம் போட்டு, திரையில் பெயர்கள் விழுந்தன. ஆங்கில எழுத்தில் அடித்த நம் ஆட்களின் பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மூன்றாவது தட்டில் சூசைப்பிள்ளை இருந்தார். நறுவிலிக்குளம். மனைவி லூர்தம்மா. மகள் அனித்தா, பதினொரு மாதம். அனித்தா திரையைத் தொட்டுத் தன் பெயரின் மேல் விரலை வைத்தாள். "பதினொரு மாசம்" என்றாள். "நான் வரேக்க பதினொரு மாசம்." நியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரின்ரருக்குத் தாள் தேடினார்.

அச்செடுத்த தாள்களோடு அனித்தாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் கந்தோருக்குப் போனேன். அதே உத்தியோகத்தர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நீங்களே அடிச்சதாக்கூட இருக்கலாமே" என்றார்.

"ஓம் தம்பி, நான்தான் அடிச்சனான்" என்றேன். "அடிக்கிறதுதான் என்ர வேலை. இந்தப் பிள்ளை தகப்பன்ர கையில இருக்கேக்க, முன்னால இருந்து கேட்டுக் கேட்டு அடிச்சனான். உங்களுக்கு அண்டைக்கு எத்தினை வயசு?"

என் சத்தம் கேட்டு உள்ளே இருந்து ஒரு மேலதிகாரி அம்மா வந்தார். அவர் தாளை வாங்கி, "இதில இருக்கிற வேற ஆரும் இப்ப இருக்கினமோ?" என்று கேட்டார். அதுதான் மகன், யாராவது முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பெரியம்மா மடியிலிருந்து தன்னுடைய பழைய நிவாரண அட்டையை எடுத்து நீட்டினாள். இரண்டு குடும்பமும் ஒரே படகில் வந்தவர்கள். அட்டையில் இருந்த இலக்கம் எங்கள் பட்டியலில் சூசைப்பிள்ளையின் குடும்பத்துக்கு அடுத்த வரியில் அப்படியே இருந்தது. மேலதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் ஒப்பிட்டுப் பார்த்தார். என்னிடமும் பெரியம்மாவிடமும் சத்தியக் கடதாசி கேட்டார். கொடுத்தோம். போன கிழமை அனித்தாவின் பிறப்புப் பதிவு வந்துவிட்டது. தகப்பன் பெயர் சூசைப்பிள்ளை. காணி விசாரணை இன்னும் நடக்கிறது. அதற்கும் போவேன், கத்த வேண்டிவந்தால் கத்துவேன்.

இப்போது உனக்கு ஒரு விஷயம். நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது இரண்டு தவணை உன் ரிப்போர்ட்டில் கவனக்குறைவு என்று எழுதி அனுப்பினார்கள். நான் உன்னை அடித்தேன். வாசலில் முழங்காலில் நிற்க வைத்தேன். பிறகு ஒரு நாள், கோவிலில் பீடத்தில் நின்ற சுவாமியாரை "அது ஆர் அம்மா?" என்று நீ கேட்டபோதுதான், உனக்குக் கண் தெரியவில்லை என்று எனக்கு விளங்கியது. கண்ணாடி போட்டதும் நீ வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தாய். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரிக்க வேண்டிய கதை அல்ல அது. ஒருவர் பழுது என்று எழுதியதை நான் பார்க்காமல் நம்பிய இரண்டாவது தடவை. நீ கலியாணம் கட்டப் போகிறாய். உனக்கு நான் சொல்ல இருக்கிற புத்தி இதுதான்: உன் மனைவியையோ, நாளைக்கு உன் பிள்ளையையோ, உன் கீழே வேலை செய்கிறவனையோ பற்றி எவன் என்ன எழுதிக் கொடுத்தாலும், கையெழுத்துப் போட முன்னர் ஒரு தரம் நீயே பார். நான் செய்யாததைச் சொல்கிறேன், அதனால்தான் சத்தம் போட்டுச் சொல்கிறேன். அறையைப் பற்றிக் கவலைப்படாதே. தட்டுகளில் இருந்த பெயர்களை எல்லாம் நியாஸ் எடுத்துத் தந்துவிட்டார். உன் ஆட்கள் தாராளமாகத் தங்கலாம்.

நேற்று தலைமன்னாருக்குப் போனேன். மெற்றில்டா ஒரு நண்டுக் கொம்பனியில் பொதி செய்கிற வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் வாசலில் என்னை அடையாளம் கண்டு, "அக்கா, வாங்கோ" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜெனரேற்றர், ரியூப் லைற், கோடுகள், திருகாணி, நான் எழுதிக் கொடுத்த கடிதம். அவள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கழுவி முடிந்த பிறகும் தண்ணீரை நிறுத்தவில்லை.

"அண்டைக்குப் பொதியைக் கொண்டுபோய்க் குடுக்கேக்க பஸ்ஸில ஒராள் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒண்டு வச்சிருந்தவர்" என்றாள். "நான் அதுக்குப் பக்கத்தில இருந்தனான். அதில காந்தம் இருக்கும், அது தட்டைக் கெடுக்குமெண்டு பிறகுதான் ஆரோ சொன்னவை. இவ்வளவு வருசமும் நான்தான் கெடுத்தனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான் அக்கா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வேற கந்தோருக்கு வேலை கேட்டும் போகேல்லை. நீங்கள் ஒரு தரம் போட்டுப் பாத்திருக்கலாமே."

மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உள்ளே போய்க் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, பேனையோடு கொண்டு வந்து வைத்து, என்னை இருக்கச் சொன்னாள். "அண்டைக்கு எழுதிக் குடுத்த மாதிரி இதையும் எழுதித் தாங்கோ" என்றாள். எழுதினேன். தட்டுகள் பழுதாகவில்லை, மெற்றில்டாவில் குற்றம் இல்லை, நான் தவறுதலாக அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வாசித்தாள். 'தவறுதலாக' என்ற சொல்லில் விரலை வைத்தாள்.

"தவறுதலா இல்லை அக்கா. பாக்காம. அப்படிப் போடுங்கோ."

அந்தச் சொல்லை வெட்டி, மேலே "பார்க்காமல்" என்று எழுதி, பக்கத்தில் மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். அவள் தாளை வாங்கித் தன் மகளிடம் கொடுத்து, உரத்து வாசிக்கச் சொன்னாள். நான் எழும்பிப் போகவில்லை. முழுவதையும் இருந்து கேட்டேன்.

உன் அம்மா